பதினோரு சட்டி கத்திரி நாற்று

அம்மா வாசற்படியில் நின்றாள். இரண்டு கையையும் விரித்து, கதவு நிலையை இரண்டு பக்கமும் பிடித்திருந்தாள். உள்ளே இருந்த எனக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரவிக்கை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அவளுடைய கைக்குக் கீழே இருந்த இடைவெளியில் வெளியே அடிக்கிற வெயில் தெரிந்தது.

எதிரே, பத்தடி தள்ளி, வேப்பமர நிழலில் மூன்று ஆண்கள். ஒருவர் கிணற்று வீட்டுக்காரர். எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு வேலை கொடுத்தவர். இன்னொருவர் ஊர்க் கணக்கப்பிள்ளை. மூன்றாமவன் ஏகாம்பரம், கிணற்று வீட்டுத் தோட்டத்தை மேற்பார்வை பார்த்தவன். அவர்களைச் சுற்றிக் காலனி சனம் முழுக்க நின்றது.

"நாத்த எட்த்துக்கினு வெளிய வா முனிம்மா. பாத்துட்டுப் போறோம்" என்றார் கணக்கப்பிள்ளை.

"நாத்து வெளிய வராது சாமி" என்றாள் அம்மா. "பாக்கணும்னா உள்ள வந்து பாருங்க."

எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆனி மாதத்து உச்சி வெயில். எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, தரையில் பதினோரு சட்டியில் கத்திரி நாற்று இருந்தது. அதைத்தான் அம்மா திருடிவிட்டாள் என்றார்கள்.

ஒரு கடிதம்

செய்யாற்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியராம். "அம்மணி, உங்கள் தொடரை விடாமல் படிக்கிறேன். ஆனால் வாராவாரம் மிளகாயை அரைத்துத்தான் பரிமாறுகிறீர்கள். அந்த நாளில் நல்லது ஒன்றுகூடவா நடக்கவில்லை?" என்று கேட்கிறார்.

நடந்தது ஐயா. அப்படி ஒன்றை எழுதலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் செடி வளர்த்த கதை. இதைவிட நல்ல விஷயம் என்ன இருக்கிறது? நாலு வரி எழுதுவதற்குள் பேனா வேறு பக்கம் திரும்புகிறது. இனி அது போகிற வழியில்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

இந்த ஞாபகத்தைக் கிளறிவிட்டது என் மகள் குடியிருக்கிற அடுக்குமாடி வீடு. போன மாதம் அங்கே காய்கறித் தோட்டப் பயிற்சி நடந்தது. பிளாஸ்டிக் தட்டில் குழி குழியாக இருக்கும், அதில் தென்னை நார்க் கழிவைப் போட்டு விதை ஊன்ற வேண்டும், வீட்டுக்குள் ஜன்னலோரம் வைக்க வேண்டும். சொல்லிக் கொடுத்த இளைஞர் நல்ல பிள்ளை. பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "ஆன்ட்டி, ஒரு முக்கியமான விஷயம். வீட்டுக்குள்ள வளர்ந்த நாத்த ஒரேயடியா வெயில்ல கொண்டுபோய் வெச்சிடாதீங்க. முதல் நாள் கொஞ்ச நேரம், அப்புறம் கொஞ்சம் கூட. இல்லன்னா கருகிடும்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "யாருக்குப்பா தெரியாது? யாருக்குத் தெரியாது?" என்று கத்திவிட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சொத்தைக் காய்

உத்திரமேரூருக்கு நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் வேறு, காலனி வேறு. நாங்கள் காலனி. ஊருக்குக் கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, தோட்டம் இருந்தது. எங்களுக்குக் கை இருந்தது.

கிணற்று வீட்டுத் தோட்டத்தில் முள்ளுக் கத்திரி காய்க்கும். விடியற்காலை அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் காய் பறிக்கப் போவார்கள். முள் குத்திக் கை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ரத்தம் கட்டியிருக்கும். பறித்த காயைக் கொட்டித் தரம் பிரிப்பார்கள். நல்ல காய் கூடையில் ஏறி முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போகும். அதிலும் நல்லதாகக் கொஞ்சம் கிணற்று வீட்டுச் சமையலுக்குப் போகும். புழு துளைத்த காயைக் காலால் ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பார்கள்.

பெண்கள் கிளம்பும்போது வரிசையாக நின்று முந்தானையை விரிக்க வேண்டும். அந்த வீட்டு அம்மா ஒரு முழ உயரத்திலிருந்து சொத்தைக் காயை மடியில் போடுவார். துணி பட்டுவிடக் கூடாது என்று உயரம். கூலி வேறு, இது தர்மமாம். வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கணும் தாயே" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்லாமல் வந்தவளுக்கு அடுத்த முறை மடியில் ஒன்றும் விழாது.

வீட்டில் அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து ஓட்டையைச் சுற்றிச் சுற்றி அறுப்பாள். ஒரு காயில் பாதி போய்விடும். மீதியிலும் கறுப்பு ஓடியிருக்கும். அதைத் துண்டு துண்டாக்கி, புளி கரைத்து, கருவாடு இருந்தால் போட்டு, ஒரு குழம்பு. எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க்கு வடிவம் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. துண்டுதான் கத்திரிக்காய்.

ஒரு நாள் என் வாயில் புழு வந்தது. வெந்த புழு, வெள்ளையாக, மெதுமெதுவென்று. பல்லில் நசுங்கிய பிறகுதான் தெரிந்தது. வெளியே ஓடித் துப்பினேன். செங்கல் சூளையிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வரும் நைனா அன்றைக்கு இருந்தார். "கறி வாங்காமலே உனுக்கு கவுச்சி கெட்ச்சிடுச்சி பாரு" என்று சிரித்தார். நைனா எதற்கும் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

அம்மா சிரிக்கவில்லை. தன் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளு முழுக் காயி நம்ம கொழம்புல மெதக்கணும்" என்றாள். "காம்போட. நாலா கீறி."

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றார் நைனா.

"என் பொண்ணு புழுவத் துன்றாளே, அது பேஜாராத் தெரியல உனுக்கு?"

காலனியில் யாரும் கத்திரி போட்டதில்லை. போடக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. கூரையில் சுரைக்கொடி ஏற்றலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கத்திரிக்காய் தோட்டக் காய். அது எங்கள் கூடையில் முழுசாக இருந்தால் உடனே ஒரு கேள்வி வரும்: "யார் தோட்டத்துது?" அந்தக் கேள்விக்கு எங்களில் யாரும் இதுவரை பதில் சொல்லிப் பிழைத்ததில்லை. அதனால் கேள்வியே வராமல் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாய் அகலத்துக்குக் காலி இடம் கிடந்தது. அம்மாவின் கண் அதன்மேல் விழுந்தது.

குப்பைமேட்டுப் பழம்

விதைக்கு என்ன செய்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதையும் பிறகு கேட்டார்கள்.

செடியிலேயே முற்றி மஞ்சளாகிப் போன காயை யாரும் வாங்க மாட்டார்கள். கிணற்று வீட்டில் அதை மாட்டுக்குப் போடுவார்கள், மாடு தின்னாததைக் குப்பையில் கொட்டுவார்கள். அந்தக் குப்பையை அள்ளி வயலுக்குக் கொண்டுபோகிற வேலையும் அம்மாவுக்குத்தான். அப்படி அள்ளும்போது ஒரு பழத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அழுகல் நாற்றம் அடித்தது.

சட்டித் தண்ணீரில் அதைப் பிசைந்தாள். மிதந்த விதையை வழித்துக் கீழே கொட்டினாள். அடியில் தங்கியதை மட்டும் அலசி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, கந்தலில் முடிந்து அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் தொங்கவிட்டாள்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். கத்திரிக்கு அதில் ஒரு திருத்தம். ஆடியில் நட வேண்டுமென்றால் வைகாசிக் கடைசியிலேயே நாற்று விட்டாக வேண்டும். ஊரில் அதற்குக் கிணற்றடியில் மேடை கட்டிப் பாத்தி போட்டு, தினம் தண்ணீர் தெளிப்பார்கள். எங்களுக்குக் கிணறு கிடையாது. வெளியே போட்டால் காலனிக் கோழி அத்தனையும் அங்கேதான் மேயும், மிச்சத்தை ஆடு பார்த்துக்கொள்ளும். அதோடு, வெளியே போட்டால் எல்லோர் கண்ணிலும் படும்.

அதனால் வீட்டுக்குள்ளே நாற்று விடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். அப்படி யாரும் செய்து அவள் பார்த்ததில்லை. தானாக யோசித்ததுதான்.

ஓட்டை நகர்த்தினாள்

எங்களுடையது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. ஒரு அறை, ஒரு கதவு, முறம் அகலத்துக்கு ஒரு ஜன்னல். உள்ளே பகலிலேயே முகம் தெரியாது. அம்மா சுவரில் கால் வைத்து ஏறிக் கூரையில் ஓடு ஒன்றை எடுத்துவிட்டாள். தரையில் வெளிச்சம் ஒரு கட்டமாக விழுந்தது. மழை வந்தால் மூட யூரியா சாக்கு ஒன்றைக் கூரையிலேயே கட்டி வைத்தாள்.

அடுத்த வாரம் வந்த நைனா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "மன்சனுக்கு ஓட்டு வூடு குட்த்தான் கவர்மெண்டு. நீ அத்த ஓட்ட வூடா ஆக்கிட்ட" என்றார்.

உடைந்த பானையின் அடிப்பாகம் மூன்று, துருப்பிடித்த டால்டா டின் இரண்டு, ஓட்டை விழுந்த மண்சட்டி ஒன்று, பெரிய கொட்டாங்குச்சி ஐந்து. எல்லாவற்றையும் சட்டி என்றே சொல்லுவோம். மொத்தம் பதினொன்று. வற்றிக் கிடந்த ஏரியிலிருந்து வண்டலை வெட்டி வந்து, ஆட்டுப் புழுக்கையை இடித்துச் சலித்துக் கலந்தாள். விதையைத் தூவி, மேலே வைக்கோல் பரப்பி, அரிசி கழுவிய தண்ணீரை விரலால் தெளித்தாள்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ வைக்கோலை விலக்கிப் பார்த்தபோது முளை வந்திருந்தது. குனிந்து குனிந்து, தலையில் விதைத் தோலை மாட்டிக்கொண்டு நின்றது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை. இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தோம். மண்ணும் புழுக்கையும் ஈரமும் கலந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. செய்யாறு ஆசிரியரே, நீங்கள் கேட்ட நல்லது இதுதான்.

பள்ளிக்கூடம் திறந்தும் அம்மா என்னை அனுப்பவில்லை. அம்மா வேலைக்குப் போனதும் வெளிச்சக் கட்டம் நகர நகரச் சட்டிகளை நகர்த்த வேண்டியது என் பொறுப்பு. நாற்று வெளிச்சத்துப் பக்கமே சாயும், அதனால் சட்டியைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். சாயங்காலம் அம்மா வந்ததும் முதல் காரியமாகப் பனையோலை விசிறியை எடுத்து நாற்றுக்கு விசிறுவாள். எங்களுக்கு ஒரு நாளும் விசிறியதில்லை.

"காத்து படாத நாத்து நோஞ்சானாப் பூடும். ஆடணும், அப்பதான் தண்டு பிடிக்கும்" என்பாள்.

நாலு இலை விட்டது. இலையில் முள் கிளம்பியது. "இன்னும் ஒரு வாரம்" என்றாள் அம்மா. "அப்பால சாயங்கால வெயில்ல சித்த நேரம் வெச்சி எட்க்கணும். நாளுக்கு நாளு கூட்டணும். வூட்டுக்குள்ள பொறந்தது இல்ல? ஒரேயடியா வெயில்ல வுட்டா செத்துப்பூடும்." எந்த வகுப்புக்கும் போகாதவள் சொன்னது இது. நான் ஏன் கத்தினேன் என்று என் மகள் இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

கன்றுக்குட்டியும் அம்மாவும்

அந்த வாரத்தில்தான் கிணற்றடி நாற்றுமேடையில் ஒரு மூலை மொட்டையானது.

என்ன நடந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிணற்று வீட்டுக் கன்றுக்குட்டி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் மேய்ந்தது. அதைச் சரியாகக் கட்டாதவன் ஏகாம்பரம். அதைச் சொன்னால் அவன் வேலை போகும். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. ஏகாம்பரம் ஒரு மருமகளைத் தேடினான். ஆள் கூப்பிடக் காலனிக்கு வந்தவன் எங்கள் ஜன்னல் வழியாகப் பச்சையைப் பார்த்துவிட்டான்.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் காலனிக்கு வருவது ஓட்டுக் கேட்கத்தான். அன்றைக்கு நாற்று பார்க்க வந்தார்கள்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊர், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஜனநாயகம் நடந்த ஊர் என்று பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்கள். பெரியவளான பிறகு நானும் போய்ப் பார்த்தேன். சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், அப்படிப்பட்டவன் பேர்தான் ஓலையில் ஏறும் என்று அதே கல்லில் இருக்கிறது என்றார் விளக்கம் சொன்னவர். கேட்டதும் எனக்கு எங்கள் வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது.

வாசல்

கிணற்று வீட்டுக்காரர் தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிட்டார். திருட்டு என்று ஆனால் ஆடி நடவுக்கு அம்மாவைக் கூப்பிடக் கூடாது. வேறு யாரும் கூப்பிடவும் கூடாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்துக்கு முள்வேலி போட்டுவிட வேண்டும். அம்மா மாரியம்மன் கோயில் எதிரில் விழுந்து கும்பிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

"வெத எங்கேந்து வந்திச்சி உனுக்கு?" என்று கேட்டான் ஏகாம்பரம்.

"குப்பைலேந்து."

"யாரு வூட்டுக் குப்ப?"

"ஆண்டே வூட்டுக் குப்பதான். நானுந்தான் தெனம் அந்தக் குப்பையில நிக்கறேன். என்னையும் உங்க சொத்துன்னு எழுதி வெச்சிக்குங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "வாய மூடு முனிம்மா" என்று கெஞ்சினாள்.

"வாய் நீளுது. நாத்த எட்த்துக்கினு வா. மேடையில புடுங்கினதா, சட்டியில மொளச்சதான்னு ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும்" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் சொன்னது சரிதான். பிடுங்கி நட்ட நாற்றின் வேர் அறுந்திருக்கும். சட்டியில் முளைத்த நாற்றின் வேர் சட்டியைச் சுற்றிக்கொண்டு இருக்கும். பார்த்தவுடனே தெரியும். ஆனால் பார்க்க உள்ளே வர வேண்டும். எங்கள் வீட்டுக்குள் அவர்கள் எப்படி வருவார்கள்? எங்கள் வீட்டுத் தண்ணீரையே அவர்கள் குடிப்பதில்லை.

"உச்சி வெயிலு சாமி. வெளிய வந்தா பச்சக் கொயந்திங்க மாதிரி வாடிப்பூடும்" என்றாள் அம்மா. "நாலு தப்படி. உள்ள வந்து பாருங்க. ஒண்ணே ஒண்ணு உங்க மேடையில புடுங்கனதுன்னா என் கைய வெட்டிட்டுப் போங்க."

"இவ காட்ட மாட்டா. திருட்டுதான். நாளிக்கே முள்ளு வெட்டு ஏகாம்பரம்" என்றார் கிணற்று வீட்டுக்காரர்.

"ஆண்டே" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவில்லை. "நீங்க தெகிரியமான ஆளுன்னு ஊரே சொல்லுது. ஒரு பொம்பள வூட்டு வாசப்படியத் தாண்ட பயமா கீதா உங்களுக்கு?"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு அம்மாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது என்று சொன்னேன் இல்லையா? அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆடிக்கு வேலை இல்லையென்றால் கஞ்சி இல்லை என்பது அந்த வயதில் எனக்கு நன்றாகவே தெரியும். காட்டினால் போதும், திருடி இல்லை என்று ஆகிவிடும், எல்லோரும் போய்விடுவார்கள். இந்த அம்மா ஏன் இப்படி வீம்பு பிடிக்கிறாள்? அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மூலைக்குப் போய்க் குனிந்து முறத்தில் மூன்று சட்டியை அடுக்கினேன். தூக்கிக்கொண்டு, அம்மாவின் கைக்குக் கீழே புகுந்து வெளியே போனேன்.

"அய்யோ" என்றாள் அம்மா. என் பாவாடையைப் பிடிக்கப் பார்த்தாள். நான் போய்விட்டேன்.

வெயிலில் கண் கூசியது. கிணற்று வீட்டுக்காரர் எனக்கு மிகவும் பக்கத்தில், எங்கள் வாசலிலேயே நின்றிருந்தார். நினைத்தது சரிதான், அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பதறிக்கொண்டே சட்டிகளைத் தரையில் வைத்தேன். "பாருங்க ஆண்டே, இது எங்களுதுதான்" என்றேன்.

"எல்லாத்தையும் எட்த்துக்கினு வா" என்றான் ஏகாம்பரம்.

இன்னும் மூன்று நடை நடந்தேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓரமாக நின்றுவிட்டாள். பதினோரு சட்டியும் வெயிலில் வரிசையாக உட்கார்ந்தன.

ஏகாம்பரம் ஒவ்வொரு சட்டியிலும் ஒன்றிரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தான். ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தே விட்டான். வேர் வெள்ளை வெளேரென்று மண்ணைச் சுற்றியிருந்தது. கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தார். "சின்ன நாத்துல வெதத் தோலே இன்னும் போவல. இது சட்டியில மொளச்சதுதான்" என்றார். பிறகு மூவரும் நிழலுக்குப் போய் நின்று பேசினார்கள். கன்றுக்குட்டி என்ற பேச்சே வரவில்லை. எலியாக இருக்கும் என்றார்கள். மழை எப்போது வரும் என்று பேசினார்கள்.

நான் சட்டிகளை உள்ளே எடுக்கப் போனேன். "இரு, தொடாத" என்றான் ஏகாம்பரம்.

நான் தொடவில்லை. நின்றேன். அவர்கள் நிழலில் நின்றார்கள், நாற்று வெயிலில் இருந்தது. முதலில் இலை நுனி தொங்கியது. பிறகு தண்டு மடிந்தது. பிறகு மொத்தமும் வெந்த கீரையாகச் சட்டி விளிம்பில் படுத்துக்கொண்டது.

போகும்போது கிணற்று வீட்டுக்காரர் திரும்பினார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் என்று நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

"இனிமே எது வெச்சாலும் தோட்டத்துல ஒரு வார்த்த சொல்லிட்டு வெய்" என்றார்.

மூன்றாவது நாள்

தண்ணீர் தெளித்தோம். வெளிச்சம் படாத மூலையில் வைத்தோம். மறுநாள் இலையெல்லாம் வெளுத்துக் காகிதமாகிவிட்டது. இரண்டு நாற்று மட்டும் நிமிர்ந்தது. அதுவும் அடுத்த நாள் சாய்ந்தது.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாவது நாள் சட்டிகளைக் கவிழ்த்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். என்னால் தாங்க முடியவில்லை.

"நீ திருடி இல்லன்னு ஆயிடுச்சில்ல? ஆடிக்கு வேலைக்குக் கூப்புடுவாங்க இல்ல? அப்பறம் இன்னா?" என்று கத்தினேன். "நாத்து போனா போவுது. முடிச்சில இன்னும் வெத கீது இல்ல?"

"நாத்துக்கா நான் நின்னேன்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல நாத்துக்குத்தான் நின்னேன். அப்பால அந்தக் கெணத்து வூட்டுக்காரன் நெழலுலேந்து எறங்கி வந்தான்டி. ஒவ்வொரு அடியா வந்தான். வாசப்படிகிட்ட வந்து நின்னான். இன்னா பண்ணான் தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அப்போது நான் உள்ளே குனிந்து சட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"செருப்பக் கழட்டினான். ரெண்டு காலுலயும். நம்ம வூட்டு வாசல்ல."

ஊர்த் தெருவில் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் அது. மழையானாலும் முள்ளானாலும் கையில்தான். அம்மா கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"அவன் கழட்டின செருப்ப நீதாண்டி மறுபடி மாட்டி வுட்ட" என்றாள்.